டிஎஃப் நிரம்பிவிட்டது என்கிறது, டியூ பாதிகூட இல்லை என்கிறது: காணாமல்போன இடம் எங்கே?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு லினக்ஸ் சர்வரில் 50 ஜிபி அளவுள்ள ரூட் பார்ட்டிஷன் (இயங்குதளம் இருக்கும் டிஸ்க் பகுதி) இருக்கிறது. கோப்பு முறைமை இஎக்ஸ்டி4. டிஎஃப் கட்டளை அது 100 விழுக்காடு நிரம்பிவிட்டதாகக் காட்டுகிறது. ஆனால் டியூ கட்டளையை ரூட் அடைவில் ஓட்டிக் கூட்டினால் 21 ஜிபிதான் வருகிறது. இதற்கிடையே ஒரு ஜாவா செயலியின் பெருத்துப்போன லாக் கோப்பை ஆர்எம் கொடுத்து அழித்தீர்கள். கோப்பு போய்விட்டது, இடம் திரும்பவில்லை. "மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடுமா?" என்று முடித்திருக்கிறீர்கள். கேள்வியின் கடைசி வரி மறுதொடக்கத்தைப் பற்றியதாக இருந்தாலும், உள்ளே இருக்கும் கேள்வி வேறு: கணக்கில் வராத அந்த 26 ஜிபி (50-இல் கோப்பு முறைமை ஒதுக்கி வைக்கும் 2.5 ஜிபியும், டியூ காட்டும் 21 ஜிபியும் போக ஏறத்தாழ மிஞ்சுவது) யார் கையில் இருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கும் சேவையை நிறுத்தாமல் அதை மீட்க முடியுமா என்பதே அது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். முனையத்தில் தட்டும்போது, நான் வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில், எல்லாவற்றையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு கட்டளைகளில் எதுவும் பொய் சொல்லவில்லை என்பது உறுதி. அவை எண்ணுகிற முறைதான் வேறு. டிஎஃப், கோப்புகளைத் திறந்தோ அடைவுகளுக்குள் நுழைந்தோ பார்ப்பதே இல்லை; கோப்பு முறைமை தனக்குள் வைத்திருக்கும் பேரேட்டைக் காட்டச் சொல்லிக் கர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையக்கருவிடம், கேட்கிறது. மொத்தம் எத்தனை பிளாக் (டிஸ்க் இடத்தைப் பிரித்து எண்ணும் துண்டு), அவற்றில் எத்தனை காலி என்ற எண்கள் உடனே வந்துவிடுகின்றன. அதனால்தான் எத்தனை பெரிய டிஸ்க்காக இருந்தாலும் டிஎஃப் நொடியில் முடிகிறது. டியூ அப்படியல்ல. நீங்கள் சொன்ன அடைவில் தொடங்கி, கிளை கிளையாக இறங்கி, கண்ணில் படும் ஒவ்வொரு பெயருக்கும் அது பிடித்திருக்கும் பிளாக்குகளைக் கேட்டுக் கூட்டிக்கொண்டே போகிறது. ஆகவே பெயர் இல்லாத எதையும், நுழைய அனுமதி இல்லாத எதையும், வேறொன்றின் அடியில் மறைந்திருக்கும் எதையும் டியூ பார்க்காது. டிஎஃப் காட்டுவதற்கும் டியூ காட்டுவதற்கும் இடையிலான வித்தியாசம் என்பது, டிஸ்க்கில் இடம் பிடித்திருந்தும் பெயர் வழியாகப் போய்ச் சேர முடியாதவற்றின் மொத்தம். உங்கள் சிக்கலில் தேட வேண்டியது அதைத்தான். தெரிகிற கோப்புகளை இன்னும் இரண்டு அழித்துப் பார்க்கலாம் என்ற எண்ணத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

லினக்ஸில் ஒரு கோப்பின் பெயரும் அதன் உள்ளடக்கமும் தனித்தனியானவை. உள்ளடக்கத்துக்குச் சொந்தமானது ஐநோடு எனப்படும் பதிவு. எந்தெந்த பிளாக்குகள், யார் உரிமையாளர், என்ன அனுமதி என்பதெல்லாம் அதில் இருக்கும். பெயர் மட்டும் அதில் இருக்காது. பெயர், அடைவில் எழுதப்பட்ட ஒரு வரி. அது ஐநோடு எண்ணைச் சுட்டுகிறது. ஆர்எம் செய்வது அந்த வரியை அடிப்பது மட்டுமே. அந்த ஐநோடைச் சுட்டும் பெயர் ஒன்றும் மிச்சமில்லை, அதைத் திறந்து வைத்திருக்கும் ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) ஒன்றும் இல்லை என்ற இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறினால்தான் கர்னல் பிளாக்குகளை விடுவிக்கும். வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டதால் உள்ளே குடியிருப்பவர் காலி செய்துவிடமாட்டார் அல்லவா? உங்கள் ஜாவா செயலி அந்த லாக் கோப்பை இன்னும் திறந்தே வைத்திருக்கிறது. பெயர் போனது அதற்குத் தெரியவே தெரியாது. இந்த நிமிடமும் அதற்குள் எழுதிக்கொண்டுதான் இருக்கும். டிஎஃப் அதை எண்ணுகிறது, டியூவின் கண்ணுக்கு அது இல்லை. நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் இதுதான் காரணம் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன். ஏறக்குறைய என்று சொல்வதற்குக் காரணம், உங்கள் முனையத்தில் கீழ்க்கண்ட சோதனையின் வெளியீட்டை நான் பார்க்கவில்லை என்பதே.

அந்தச் சோதனை, "சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1" என்பது. சூடோ, கட்டளையை ரூட் எனப்படும் நிர்வாகியின் உரிமையோடு ஓட்டும்; எல்எஸ்ஓஎஃப், திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும். இதில் எல்எஸ்ஓஎஃப் சிற்றெழுத்து, கூட்டல் குறிக்குப் பின்னால் வரும் எல் மட்டும் பேரெழுத்து. பெயர் எண்ணிக்கை ஒன்றுக்கும் குறைவாக உள்ள, அதாவது பெயரே இல்லாத, திறந்த கோப்புகளை மட்டும் காட்டு என்று பொருள். வெளியீட்டில் ஒரு வரி ஏறத்தாழ இப்படி இருக்கும்: "ஜாவா 1843 ஆப் 4டபிள்யூ ரெக் 253,0 27104657408 0 131842 /வார்/லாக்/ஆப்/அவுட்புட்.லாக் (டெலீட்டட்)". இடமிருந்து வலமாக வாசித்தால்: ப்ராசஸின் பெயர், அதன் எண் 1843, அதை ஓட்டும் பயனர், கோப்பு விவரிப்பி (திறந்த கோப்பை ப்ராசஸ் குறிக்கும் எண்) 4 எழுதுவதற்காகத் திறந்திருக்கிறது, வழக்கமான கோப்பு, டிஸ்க்கின் எண், பைட் கணக்கில் அளவு, பெயர்களின் எண்ணிக்கை சுழியம், ஐநோடு எண், கடைசியாகப் பழைய பாதை. 27104657408 பைட் என்பது 25 ஜிபிக்குச் சற்று மேல். உங்கள் கணக்கில் இடிக்கும் அளவும் ஏறத்தாழ அதுவே. ஒரே கோப்பைப் பல ப்ராசஸ்கள் திறந்து வைத்திருந்தால் ஒரே ஐநோடு எண் பல வரிகளில் வரும். அவற்றைக் கூட்டிவிட்டு "டிஸ்க்கைவிடப் பெரிதாக வருகிறதே" என்று திகைக்க வேண்டாம். கன்டெய்னருக்குள்ளிருந்து (டாக்கர் போன்றவை உருவாக்கும் தனித்த சூழலுக்குள்ளிருந்து) இதை ஓட்டினால் வெளியே உள்ள ப்ராசஸ்கள் தெரியாது, அதைத் தாங்கும் ஹோஸ்ட் சர்வரிலிருந்தே ஓட்டுங்கள். எல்எஸ்ஓஎஃப் நிறுவப்படவில்லையென்றால், நிரம்பிய டிஸ்க்கில் புதிதாக ஒன்றை நிறுவப் போவது நல்ல யோசனையல்ல. "சூடோ ஃபைன்ட் /ப்ராக்/*/எஃப்டி -எல்நேம் '*டெலீட்டட்*'" என்பது எந்தக் கூடுதல் கருவியும் இல்லாமல் அதே வேலையைச் செய்யும். அதில் அளவு வராது. கிடைத்த பாதையை "ஸ்டாட் -எல்" கட்டளையிடம் கொடுத்தால் வந்துவிடும். இங்கேயும் அந்த எல் பேரெழுத்து.

குற்றவாளி தெரிந்த பிறகு இரண்டு வழிகள். சேவையை மறுபடி தொடங்க உங்களுக்கு அனுமதி இருந்தால் அதுவே சுத்தமான வழி: "சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட்" கொடுத்தவுடன் பழைய ப்ராசஸ் முடியும், அதன் பிடி விடும், இடம் அந்த நொடியே திரும்பும். ஒரு சேவையை மட்டும் மறுபடி தொடங்கினால் போதும், முழு சர்வரையும் அல்ல. செயலியை நிறுத்தவே முடியாது என்றால், திறந்திருக்கும் கோப்பையே அந்த விவரிப்பி வழியாக வெறுமையாக்கலாம்: "சூடோ ட்ரன்கேட் -எஸ் 0 /ப்ராக்/1843/எஃப்டி/4". பெயர் போயிருந்தாலும் /ப்ராக் வழியாக அந்த ஐநோடை எட்ட முடிகிறது. பலர் இதற்குப் பதிலாக சூடோ போட்டு, பின்னால் வலப்பக்க அம்புக்குறியால் திசைமாற்றம் கொடுத்துப் பார்த்துவிட்டு "அனுமதி மறுக்கப்பட்டது" என்று நிற்பார்கள். திசைமாற்றத்தைச் செய்வது சூடோ அல்ல, உங்கள் சாதாரணப் பயனரின் ஷெல், அதாவது நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல். அதனால்தான் ட்ரன்கேட்டை எழுதினேன். லாக்கில் உள்ளது உங்களுக்கு வேண்டும் என்றால், வெறுமையாக்குவதற்கு முன் அதே பாதையிலிருந்து சிபி கட்டளையால் வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். தவறுதலாக அழித்த கோப்பைக்கூட, அதைத் திறந்து வைத்திருக்கும் ப்ராசஸ் உயிரோடு இருக்கும்வரை, இப்படியே மீட்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே, அழித்த கையோடு ப்ராசஸைக் கொல்லாதீர்கள் என்று சொல்வது வழக்கம்.

வெறுமையாக்குவதில் ஒரு நுட்பம் உண்டு. இதை விளக்காமல் விட்டால், சில மணி நேரம் கழித்து மறுபடியும் இதே கேள்வியோடு வருவீர்கள். செயலி அந்தக் கோப்பைச் சேர்த்தெழுதும் முறையில், அதாவது ஷெல்லில் இரட்டை அம்புக்குறி போடுவதைப் போல, திறந்திருந்தால், எழுதும் ஒவ்வொன்றும் கோப்பின் அப்போதைய இறுதியில் போய் விழும். வெறுமையாக்கிய பிறகு முதல் பைட்டிலிருந்து தொடங்கும். ஒற்றை அம்புக்குறியோடு தொடங்கப்பட்டிருந்தால், ப்ராசஸ் தான் விட்ட இடத்தைத் தானே நினைவில் வைத்திருக்கும். நீங்கள் சுழியமாக்கிய பிறகும் அடுத்த வரியை 25 ஜிபி தள்ளித்தான் எழுதும். இடையில் உள்ள பகுதி துளையாக நிற்கும். அது டிஸ்க்கில் இடம் பிடிக்காது, ஆனால் கோப்பின் அளவைக் கேட்டால் 25 ஜிபி என்றே வரும். டிஎஃப் குறைந்திருக்கிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அளவைப் பார்த்து "வேலை செய்யவில்லை" என்று முடிவுகட்ட வேண்டாம். எந்த முறையில் திறந்திருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிய, "கேட் /ப்ராக்/1843/எஃப்டிஇன்ஃபோ/4" என்று கேளுங்கள். அதில் ஃபிளாக்ஸ் என்ற வரியில் எட்டடிமான எண் ஒன்று இருக்கும். வழக்கமான இன்டெல், ஏஎம்டி இயந்திரங்களில் 0102001 என்பதுபோல வலமிருந்து நான்காம் இலக்கத்தில் 2 இருந்தால் சேர்த்தெழுதும் முறை.

எல்எஸ்ஓஎஃப் காட்டும் "டெலீட்டட்" எல்லாம் குப்பை என்று நினைத்துவிடக் கூடாது. தற்காலிகக் கோப்பொன்றை உருவாக்கி, திறந்த கையோடு பெயரை நீக்கிவிட்டு, விவரிப்பி வழியாக மட்டும் அதைப் பயன்படுத்துவது யூனிக்ஸ் உலகின் மிகப் பழைய பழக்கம். நிரல் எப்படி இறந்தாலும் கோப்பு தானாகவே துப்புரவாகிவிடும் என்பதே காரணம். தரவுத்தள நிரல்கள் பெரிய வரிசைப்படுத்தலுக்கு இதைச் செய்வதுண்டு. அப்படிப்பட்ட ஒன்றை வெறுமையாக்கினால், ஓடிக்கொண்டிருக்கும் வினவலின் காலடியில் இருந்து தரையை உருவுகிறீர்கள். லாக் என்று பாதையைப் பார்த்தே தெரிகிறவற்றை மட்டும் வெறுமையாக்குங்கள். மற்றவற்றுக்கு சேவையை முறையாக மறுபடி தொடங்குவதே வழி. பெயரில் மெம்எஃப்டி என்று தொடங்குபவையும், /டெவ்/எஸ்எச்எம் பாதையில் உள்ளவையும் டிஸ்க்கிலேயே இல்லை, நினைவகத்தில் இருப்பவை. அவற்றுக்கும் உங்கள் சிக்கலுக்கும் தொடர்பில்லை.

இப்போது மறுதொடக்கத்துக்கு வருகிறேன். ஆம், நான் சொன்ன காரணமாகவே இருந்தால் மறுதொடக்கம் இடத்தை மீட்கும், ஏனெனில் எல்லா ப்ராசஸ்களும் முடிந்துபோகும். திடீரென மின்சாரம் போனாலும்கூட இடம் தொலைந்துபோகாது: பெயர் நீக்கப்பட்டும் திறந்திருக்கும் ஐநோடுகளை இஎக்ஸ்டி4 அனாதைப் பட்டியல் ஒன்றில் குறித்து வைத்திருக்கும், அடுத்த முறை மவுன்ட் ஆகும்போது (அடைவு மரத்தில் இணைக்கப்படும்போது) அதைப் பார்த்து விடுவித்துவிடும். இருந்தும் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். நிரம்பிய ரூட் பார்ட்டிஷனோடு எழுந்திருக்கும் சர்வரில் எந்தச் சேவை எழுந்திருக்கும், எது விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதோடு, காரணம் கீழே சொல்லப்போகிற வேறு ஒன்றாக இருந்தால் மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைமை அப்படியே இருக்கும். சான்று மட்டும் அழிந்திருக்கும்.

எல்எஸ்ஓஎஃப் வெறுங்கையோடு திரும்பினால் அடுத்து என்ன? முதலில் மிக எளிய ஒன்றைச் சரிபாருங்கள்: டியூவை சூடோ இல்லாமல் ஓட்டினீர்களா? கேள்வியில் நீங்கள் எழுதியிருக்கும் கட்டளையில் சூடோ இல்லை. சாதாரணப் பயனராக ஓட்டினால் நுழைய முடியாத அடைவுகள் கணக்கில் வராது. பிழைச் செய்திகளை /டெவ்/நல் பக்கம் திருப்பிவிட்டிருந்தால் அந்த எச்சரிக்கையும் கண்ணில் படாது. டாக்கர் உள்ள சர்வரில் இது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும், ஏனெனில் /வார்/லிப்/டாக்கர் ரூட் அல்லாதவர்களுக்குத் திறக்காது. கன்டெய்னர்களின் வெளியீட்டு லாக்குகள் அங்கேதான் ஜேசன் கோப்புகளாகக் குவிகின்றன, இயல்பு அமைப்பில் அவற்றுக்கு உச்சவரம்பே இல்லை. ஆகவே "சூடோ டியூ -எக்ஸ் -எச் --மேக்ஸ்-டெப்த்=1 /" என்று ஓட்டி, பைப் வழியாக "சார்ட் -எச்" கட்டளையிடம் கொடுங்கள். எக்ஸ் என்ற தெரிவு மற்ற பார்ட்டிஷன்களுக்குள் தாண்டிப் போகாமல் தடுக்கும். அது இல்லாமல் வந்த கூட்டுத்தொகையை டிஎஃப் காட்டும் ஒரு வரியோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

அடுத்த சந்தேகம், மவுன்ட்டின் அடியில் மறைந்திருக்கும் கோப்புகள். பேக்கப் டிஸ்க் /பேக்கப் அடைவில் மவுன்ட் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் அது மவுன்ட் ஆகவில்லை. இரவில் ஓடிய ஸ்கிரிப்ட் அதைக் கவனிக்காமல் அதே பெயருள்ள வெற்று அடைவில், அதாவது ரூட் பார்ட்டிஷனிலேயே, எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. மறுநாள் யாரோ டிஸ்க்கை மவுன்ட் செய்தவுடன் கொட்டியவை அதன் அடியில் போய்விட்டன. டிஎஃப் எண்ணும், டியூவுக்கு வழியில்லை. இதைக் கண்டுபிடிக்க எதையும் அன்மவுன்ட் செய்ய வேண்டியதில்லை: "சூடோ மவுன்ட் --பைன்ட் / /எம்என்டி" என்று கொடுத்தால், ரூட் பார்ட்டிஷன் மட்டும், மேலே ஏறியிருக்கும் மவுன்ட்டுகள் இல்லாமல், /எம்என்டி அடைவில் தெரியும். அங்கே டியூ ஓட்டினால் மறைந்தது வெளிப்படும். முடிந்ததும் "யுமவுன்ட் /எம்என்டி" கொடுக்க மறக்க வேண்டாம். இது திரும்ப நிகழாமலிருக்க, ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் "மவுன்ட்பாயின்ட் -க்யூ /பேக்கப்" என்று கேட்டு, இல்லையென்றால் வெளியேறச் செய்யலாம். இன்னும் கறாரான வழி, டிஸ்க் மவுன்ட் ஆகாத நேரத்தில் அந்த வெற்று அடைவின்மேல் "சாட்டர் +ஐ" போட்டுவிடுவது. அதன்பின் மவுன்ட் இல்லாதபோது ரூட்டால்கூட உள்ளே எழுத முடியாது, மவுன்ட் செய்வதற்கோ எந்தத் தடையும் இல்லை. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஸ்கிரிப்டை நாளை வேறொருவர் திருத்தலாம்.

இஎக்ஸ்டி4 இயல்பாகவே 5 விழுக்காட்டை ரூட் பயனருக்கென ஒதுக்கி வைக்கும்; மொத்த அளவுக்கும் மற்றவர்கள் பயன்படுத்த முடிகிற அளவுக்கும் இடையிலான வித்தியாசம் அது. உங்கள் 50 ஜிபியில் அது 2.5 ஜிபி; அதைக் கழித்த பிறகு மிஞ்சியதே அந்த 26 ஜிபி, எனவே அதை இது விளக்காது. ஆனால் டிஎஃப் 100 விழுக்காடு என்று காட்டிய பிறகும் ரூட்டாக ஓடும் சேவைகள் சிறிது நேரம் எழுதிக்கொண்டிருப்பதும், சாதாரணப் பயனரின் சேவைகள் முதலில் விழுவதும் இதனால்தான். தரவு மட்டுமே உள்ள பெரிய டிஸ்க்கில் "ட்யூன்2எஃப்எஸ் -எம் 1" என்று இதைக் குறைப்பதில் தவறில்லை. ரூட் பார்ட்டிஷனில் குறைக்காதீர்கள்; இப்போது நீங்கள் உள்நுழைந்து இந்தக் கட்டளைகளை எல்லாம் ஓட்ட முடிவதே அந்த ஒதுக்கீட்டின் தயவில்தான்.

ஐநோடு தீர்ந்துபோவது உங்கள் நிலைமை அல்ல, ஏனெனில் அப்போது டிஎஃப் காலியிடம் இருப்பதாகவே காட்டும், எழுதப் போனால் மட்டும் "டிஸ்க்கில் இடமில்லை" என்று வரும். "டிஎஃப் -ஐ" அதைக் காட்டிக்கொடுக்கும். இஎக்ஸ்டி4-இல் ஐநோடுகளின் எண்ணிக்கை வடிவமைக்கும்போதே முடிவாகிவிடுகிறது. வழக்கமான அமைப்பில் 16384 பைட்டுக்கு ஒன்று, உங்கள் பார்ட்டிஷனுக்குச் சுமார் 32 லட்சம். குட்டிக் குட்டி செஷன் கோப்புகளை எழுதித் தள்ளும் செயலி ஒன்று இருந்தால் அது சீக்கிரம் தீரும். இதே பிழைச் செய்தி, கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் ஐநோட்டிஃபையின் உச்சவரம்பு தாண்டினாலும் வரும்; டிஸ்க்குக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. செய்தியை நம்பி அலைந்தவர்கள் நிறையப் பேர்.

மேலே சொன்னவை இஎக்ஸ்டி4-க்கும் பெரும்பாலும் எக்ஸ்எஃப்எஸ்-க்கும் பொருந்தும். பிடிஆர்எஃப்எஸ் பயன்படுத்தும் வேறு யாரேனும் இதைப் படித்தால், அங்கே இன்னொரு காரணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அழித்த கோப்பை ஒரு ஸ்னாப்ஷாட் (கோப்பு முறைமையின் முந்தைய நிலையின் பதிவு) பிடித்து வைத்திருக்கலாம், எந்த ப்ராசஸும் திறந்திருக்கத் தேவையில்லை. அந்த ஸ்னாப்ஷாட்டை நீக்கும்வரை இடம் திரும்பாது. கோப்பு முறைமையின் பேரேடே பழுதாகியிருக்கிறதோ என்ற ஐயம் கடைசியில் வர வேண்டியது. கர்னலின் செய்திகளைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி கட்டளையின் வெளியீட்டில் இஎக்ஸ்டி4 பிழைகள் தென்பட்டால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்; மவுன்ட் ஆகியிருக்கும் ரூட்டின்மேல் எஃப்எஸ்சிகே (கோப்பு முறைமையைப் பழுதுபார்க்கும் கருவி) ஓட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம், நல்ல டிஸ்க்கையே கெடுத்துவிடும்.

அவசரத்துக்கு ஓரிரு ஜிபி தேவைப்பட்டால், பயமில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. "ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=500எம்" (எம் பேரெழுத்து) பழைய ஜர்னலைக் குறைக்கும்; சிஸ்டம்டி ஜர்னல் இயல்பில் அந்தக் கோப்பு முறைமையின் 10 விழுக்காடுவரை, அதிகபட்சம் 4 ஜிபிவரை வளரும். "ஆப்ட் கிளீன்" அல்லது "டிஎன்எஃப் கிளீன் ஆல்" பதிவிறக்கிய பொதிகளை நீக்கும். /வார்/லிப் அடைவின் உள்ளே கைவைத்து எதையும் அழிக்காதீர்கள். பெரிய கோப்புகளைத் தேட "சூடோ ஃபைன்ட் / -எக்ஸ்டெவ் -டைப் எஃப் -சைஸ் +500எம்" போதும். இங்கும் 500-க்குப் பின்னால் வருவது பேரெழுத்து எம். இந்தக் கட்டளையோடு "-டெலீட்" சேர்க்கத் துணிபவர்களுக்கு ஒரு சொல்: ஃபைன்ட் தன் நிபந்தனைகளை இடமிருந்து வலமாகச் சோதிக்கும். டெலீட் நிபந்தனைகளுக்கு முன்னால் வந்துவிட்டால், அளவையோ வகையையோ பார்ப்பதற்கு முன்பே எதிர்ப்படும் எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கிவிடும். முதலில் டெலீட் இல்லாமல் ஓட்டி, பட்டியலை வரி வரியாகப் படித்து, பிறகு முடிவு செய்யுங்கள். நான் பெரும்பாலும் சேர்ப்பதே இல்லை.

இனி, இதே லாக் மறுபடியும் பெருக்காமல் இருக்க வேண்டும். லாக் கோப்புகளைச் சுழற்றும், அதாவது பழையதை ஒதுக்கிப் புதியதைத் தொடங்கும், லாக்ரொட்டேட் இருக்கிறது என்பது மட்டும் போதாது. அது பெரும்பாலான சர்வர்களில் நாளுக்கு ஒருமுறைதான் ஓடும். அமைப்பில் அளவு வரம்பு கொடுத்திருந்தாலும், ஓடும் நேரத்தில்தான் அளவைப் பார்க்கும். ஒரே நாளில் 25 ஜிபி எழுதும் செயலிக்கு அதை மணிக்கொருமுறை ஓட்டினால்தான் பயன். அடுத்தது, சுழற்றிய பிறகு செயலி புதிய கோப்பைத் திறக்க வேண்டும். ஆர்சிஸ்லாக் ஹெச்யூபி சிக்னலுக்கும், என்ஜின்எக்ஸ் யூஎஸ்ஆர்1 சிக்னலுக்கும் அப்படித் திறக்கும். ஜாவா செயலிக்கு ஹெச்யூபி அனுப்பினால் கோப்பு மறுபடி திறக்காது, செயலியே நின்றுபோகும். ஆகவே உங்களுக்கு முன் உள்ளவை இரண்டு. ஒன்று, செயலியின் லாக் நூலகத்திலேயே அளவு வைத்துச் சுழற்றும் வசதியை இயக்குவது. என் தேர்வு இதுதான். மற்றொன்று லாக்ரொட்டேட்டின் காப்பிட்ரன்கேட்: கோப்பைப் பிரதி எடுத்துவிட்டு அசலை வெறுமையாக்கும். பிரதி முடிந்ததற்கும் வெறுமையாக்கியதற்கும் நடுவே எழுதப்பட்ட சில வரிகள் இழக்கப்படலாம்; மேலும் நான் முன்பு சொன்ன ஒற்றை அம்புக்குறிச் சிக்கல் இதற்கும் அப்படியே பொருந்தும், எனவே செயலியைத் தொடங்கும் ஸ்கிரிப்டில் இரட்டை அம்புக்குறியாக மாற்றிய பிறகே இதைப் பயன்படுத்துங்கள். அமைப்பை எழுதி முடித்ததும் "லாக்ரொட்டேட் -டி" கொடுத்துப் பாருங்கள். எதையும் தொடாமல், என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் சொல்லும். அப்புறம், இருபத்தைந்து ஜிபி லாக்கில் என்னதான் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை டெயில் கொடுத்துப் பாருங்கள். இத்தனை வேகமாகப் பெருகும் லாக்கில் பெரும்பாலும் ஒரே பிழைதான் லட்சக்கணக்கான முறை இருக்கும், அல்லது யாரோ டீபக் நிலையை அணைக்காமல் விட்டிருப்பார்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கணக்கு நேராகவில்லையென்றால், "டிஎஃப் -எச்", "டிஎஃப் -ஐ", "ஃபைன்ட்எம்என்டி", சூடோவோடு ஓட்டிய எல்எஸ்ஓஎஃப் ஆகியவற்றின் வெளியீட்டை வெட்டாமல் இங்கேயே இடுங்கள்; சர்வர் பெயரும் ஐபி முகவரியும் இருந்தால் மட்டும் நீக்கிவிடுங்கள். ஜாவா செயலியைத் தொடங்கும் வரியையும் சேர்த்துப் போட்டால், அம்புக்குறி ஒற்றையா இரட்டையா என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.